குஞ்சுக்கும் ஓர் உறைமோர்

"காசு கொடுத்துக் கிருமி வாங்குகிறவள் இந்த உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருக்கும்!"

மருமகளைப் பார்த்து ஒரு மாமியார் சொன்ன வார்த்தை இது. அந்த மருமகள் இதைக் கடிதத்தில் எழுதி, "மாமியார் சொல்வது சரியா, நான் செய்ய நினைப்பது சரியா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். மாமியார் மருமகள் வழக்கில் தலையிட்டவர்கள் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் இந்த வழக்கில் ஒரு குடும்பத்தின் கடனும், நம் எல்லோருடைய குழந்தைகளின் ஆரோக்கியமும் சேர்ந்து சிக்கிக்கொண்டிருப்பதால் துணிந்து தலையிடுகிறேன்.

கடிதம் வந்திருப்பது பனித்திட்டிலிருந்து. புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில், கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். சகோதரியின் கணவர் கடலுக்குப் போகிறவர். சகோதரி மகளிர் குழுவில் கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, ஒரு தடவைக்கு 500 கறிக்கோழிக் குஞ்சு விட்டு வளர்க்கிறார். போன ஐப்பசி மழையில் ஐம்பது குஞ்சுகளுக்கு மேல் கழிச்சல் கண்டு போய்விட்டன. லாபம் போகட்டும், தவணை கட்டவே கை வளையல் அடகுக்குப் போயிற்று. இப்போது அடுத்த ஈடு குஞ்சு வரப் போகிறது.

தீவனக் கடைக்காரர் இரண்டு சாமான்களை எடுத்து முன்னால் வைத்தாராம். ஒன்று, மருந்துப் புட்டி. "முதல் நாளிலிருந்தே குடிதண்ணீரில் கலந்து கொடுத்து வாருங்கள், நோய் அண்டாது, எடையும் ஏறும்" என்றார். மற்றொன்று, ஒரு பொடிப் பொட்டலம். "இது மருந்து இல்லை, நல்ல கிருமி. உயிரோடு காய வைத்துப் பொடியாக்கியிருக்கிறார்கள். புரோபயாடிக் என்று பெயர்" என்றார். இந்தப் பொட்டலத்தைப் பார்த்துத்தான் மாமியார் அப்படிச் சொன்னது. சகோதரி கேட்பது மூன்று கேள்வி. எதை வாங்குவது? இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? சென்னையில் இருக்கும் அக்காள், "கிருமி தின்ற கோழியை நாங்கள் சாப்பிடலாமா?" என்று கேட்கிறாளே, அவளுக்கு என்ன பதில் சொல்வது?

தினமும் வளர்க்கிறோமே!

முதலில் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுவோம். அம்மணி, தினமும் இரவில் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூடு வந்ததும் ஒரு கரண்டி மோர் விடுகிறீர்களே, அது என்ன? கிருமிதான். அந்த ஒரு கரண்டியில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. அவை விடிவதற்குள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பாக்கிக் கட்டித் தயிராக்குகின்றன. ஆட்டி வைத்த இட்லி மாவு பொங்குவதும் கிருமிகளின் கைங்கரியமே. உறைமோர் தீர்ந்துபோன அன்று பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்டுகிறோம். கடையில் தயிர் வாங்கி அதையே உறையாகவும் விடுகிறோம். ஆகவே, காசு கொடுத்துக் கிருமி வாங்குவதில் மருமகள் முதல் ஆள் அல்ல.

உறை ஊற்றிய பால் ஏன் கெடுவதில்லை, ஊற்றாத பால் ஏன் கெட்டுப்போகிறது என்று யோசித்ததுண்டா? வேண்டிய கிருமி முதலில் போய் இடத்தைப் பிடித்துப் புளிப்பாக்கிவிட்டால், வேண்டாத கிருமிக்கு அங்கே காலூன்ற முடிவதில்லை. பஸ் கிளம்புவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள் அல்லவா, அந்தக் கதைதான். குஞ்சின் வயிற்றிலும் இதேதான் நடக்கிறது.

தாயில்லாப் பிள்ளைகள்

வீட்டு முற்றத்தில் நாட்டுக்கோழி குஞ்சு பொரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 21 நாள் அடைகாத்துக் குஞ்சுகளை இறக்கியதும் தாய் மண்ணைக் கிளறும். குஞ்சுகள் அதே மண்ணைக் கொத்தும், தாயின் எச்சத்தையும் கொத்தும். நமக்கு அருவருப்பாக இருக்கலாம். குஞ்சுக்கு அதுதான் தாய்வீட்டுச் சீதனம். தாயின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அப்படித்தான் பிள்ளையின் குடலுக்குக் குடிபோகின்றன.

கறிக்கோழிக் குஞ்சுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அதுவும் 21 நாளில்தான் பொரிகிறது. ஆனால் இயந்திரத்தில், கழுவித் துடைத்த தட்டில் பொரிகிறது. தாயின் முகத்தையே பாராமல் அட்டைப் பெட்டியில் ஏறி, வண்டியில் வந்து இறங்குகிறது. அதன் குடல் கிட்டத்தட்டக் காலி வீடு. காலி வீட்டில் யார் முதலில் நுழைவார்கள் என்று சொல்லமுடியுமா?

பின்லாந்து தேசத்தில் 1971-ஆம் ஆண்டு இந்தக் காலி வீட்டில் சால்மொனெல்லா என்ற பொல்லாத கிருமி நுழைந்துவிட்டது. தீவனத்தின் வழியாகப் பண்ணைகளுக்குள் புகுந்து, கோழி சாப்பிட்ட மனிதர்களையும் பேதியில் படுக்க வைத்தது. எஸ்கோ நுர்மி என்ற விஞ்ஞானி ராந்தாலா என்ற தம் சகாவுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். அவர் செய்த வைத்தியம் நம் பாட்டிமார்களின் மூளையில் உதித்தது போல அத்தனை சுலபமானது. ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலிலிருப்பதை எடுத்து, பொரித்த குஞ்சுக்குக் கொடுத்தார். பிறகு சால்மொனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தார். துண்டு போட்டு இடம் பிடித்தாகிவிட்டது. புதிதாக வந்த பொல்லாததற்கு உட்கார இடமில்லை! 1973-ல் 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. கோழி வளர்ப்பில் நல்ல கிருமியைப் பயன்படுத்துவதற்கு இது ஒரு பெரிய ஆதாரம்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

இப்போது கடையில் விற்கும் பொடியில் நுர்மி கொடுத்ததுபோல் குடலிலுள்ள கிருமிக் கூட்டம் முழுவதும் இருப்பதில்லை. தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டோ நாலைந்தோ வகைகள்தான் இருக்கும். தொட்டியில் வளர்த்து, ஈரத்தை நீக்கி, அரிசித் தவிடு, சுண்ணாம்புத் தூள், மாவுச்சத்து என்று ஏதாவது ஒன்றில் கலந்து அடைக்கிறார்கள். ஈரத்தை நீக்குவதில் இரண்டு விதம் உண்டு. பனிக்கட்டியாக உறைய வைத்துக் காற்றில்லாத அறையில் ஈரத்தை இழுத்துவிடுவது ஒன்று. சூடான காற்றில் சாரலாகத் தெளித்து உலர்த்துவது இன்னொன்று. இன்ஸ்டன்ட் காப்பிப் பொடியும் இந்த இரண்டு விதமாகத்தான் தயாராகிறது.

காய்ந்த கிருமி செத்துவிடாதோ? சில சாகும். மீதி, குதிரில் இருக்கும் விதை நெல்லைப் போல உறங்கும். ஈரம் பட்டதும் விழிக்கும். இதில் வகைக்கு வகை வித்தியாசம் உண்டு. தயிர்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த லாக்டோபாசில்லஸ் பூஞ்சை உடம்பு; வெயிலும் சூடும் தாங்காது. பாசில்லஸ் சப்டிலிஸ் போன்றவை தங்களைச் சுற்றிக் கெட்டியாக ஓர் ஓடு கட்டிக்கொண்டு உறங்கும்; நல்ல சூட்டையும் தாங்கும். ஜப்பானியர் நாட்டோ என்று சோயா மொச்சையைப் புளிக்க வைத்துத் தின்கிறார்களே, அது இந்தக் கிருமியின் வேலை. மூன்றாவது, ரொட்டியைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் வகை.

இந்த வித்தியாசம் எதற்கு என்கிறீர்களா? குருணைத் தீவனம் செய்யும்போது ஆலையில் நீராவி விட்டு அழுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் ஓடு கட்டிய கிருமி பிழைக்கும். லாக்டோபாசில்லஸ் பிழைப்பது கஷ்டம். ஆகவே "தீவனத்திலேயே போட்டிருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், "எந்த வகை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

"அப்படியானால் வீட்டு மோரையே கொடுத்துவிடலாமே" என்று சிலர் நினைக்கலாம். கோடையில் கொஞ்சம் மோர் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பாலில் குடியிருந்து பழகிய கிருமி கோழியின் குடலில் தங்கிவிடும் என்பது நிச்சயமில்லை. எந்தக் குடலுக்கு எந்தக் கிருமி ஒத்துப்போகும் என்று பார்த்துப் பொறுக்கியதுதான் நல்ல பொடி.

அந்தப் புட்டியின் கதை

இனி மருந்துப் புட்டிக்கு வருவோம். இதில் நம் ஊர் சம்பந்தம் ஒன்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற மேதை, அங்கே லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தார். அவருடைய காலத்தில், அந்தக் கம்பெனியில் பெஞ்சமின் டக்கர் என்பவர் மண்ணிலிருந்து எடுத்த ஒரு கிருமியைக் கொண்டு ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1948-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அந்த மருந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. சுப்பாராவ் அதே ஆண்டில் காலமாகிவிட்டார்.

மருந்தை எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையை, அதே கம்பெனியில் இருந்த ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது ஒரு வைட்டமினை. குஞ்சுகளோ எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த மருந்தின் வேலை அது என்று பிறகு தெரிந்தது. 1950-ல் செய்தி வெளிவந்ததும், உலகமெங்கும் நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் தினசரி கொஞ்சம் மருந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. தீவனக் கடைக்காரர் நீட்டும் புட்டி இந்த வழக்கத்தின் பேரப்பிள்ளை.

இதில் என்ன தவறு? கிருமியைக் கொல்லும் அளவுக்கு மருந்து கொடுத்தால் அது சாகும். தினசரி கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்தால், பலவீனமானவை செத்து, மருந்துக்கு அசையாதவை மட்டும் பிழைத்துப் பெருகும். அவை அந்த வித்தையைப் பக்கத்திலிருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கும் கற்றுக் கொடுத்துவிடும். அங்கிருந்து கொட்டகையில் வேலை செய்கிறவர் கைக்கும், தண்ணீருக்கும், சரியாக வேகாத இறைச்சிக்கும் வந்து சேரும். ஒரு நாள் நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து டாக்டர் ஊசி போடும்போது, மருந்து கேட்காது.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது. வேறு எதற்கும் மசியாத கிருமிக்கு ஆஸ்பத்திரியில் கடைசி அஸ்திரமாக அதை வைத்திருக்கிறார்கள். அதே மருந்தைக் கோழிக்கும் கொடுத்து வந்தார்கள். 2015-ல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அந்த அஸ்திரத்தை முறிக்கும் கிருமிகளைக் கண்டார்கள். நம் மத்திய சர்க்கார் 2019 ஜூலையில், உணவுக்கான பிராணிகளுக்கும் கோழிக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாது என்று தடை போட்டுவிட்டது. வளர்ச்சிக்காக மருந்து கொடுப்பதை ஸ்வீடன் 1986-லேயே நிறுத்திவிட்டது. ஐரோப்பிய யூனியன் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. நம் நாட்டில் 2014-ல் டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அந்த வட்டாரத்துக் கடைகளில் 70 கோழி மாதிரிகளை வாங்கிப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 40 மாதிரிகளில் மருந்தின் மிச்சம் இருந்தது.

ஆகவே, சகோதரி, முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: நோயில்லாத குஞ்சுக்கு முதல் நாளிலிருந்து மருந்துப் புட்டி வேண்டவே வேண்டாம். நோய் வந்தால் கால்நடை டாக்டர் பார்த்து, இந்த மருந்து, இத்தனை நாள் என்று எழுதிக் கொடுக்கட்டும். மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இன்னும் சுருக்கம். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது, பாலில் உறை ஊற்றிவிட்டு அந்தப் பாலை மறுபடியும் அடுப்பில் ஏற்றுவதற்குச் சமம். மருந்து, விலை கொடுத்து வாங்கிய கிருமியையும் கொன்றுவிடும். டாக்டர் சொன்ன மருந்துக் கெடு முடிந்த பிறகு பொடி கொடுப்பது நல்லது. காலியான வீட்டில் மறுபடியும் குடிவைக்க வேண்டும் அல்லவா?

ஒரு மூட்டைக் கணக்கு

பொடி கொடுத்தால் கோழி யானைபோல் வளருமா? வளராது. பலன் உண்டு என்று காட்டும் ஆராய்ச்சிகளும் உண்டு, வித்தியாசமே இல்லை என்று காட்டும் ஆராய்ச்சிகளும் உண்டு. இடநெருக்கடி, வெயில், நோய்த் தொல்லை உள்ள கொட்டகையில் பலன் தெரிவதுபோல், சுத்தமாக வைத்திருக்கும் கொட்டகையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகவே கடைக்காரர் பேச்சை நம்பவும் வேண்டாம், மாமியார் பேச்சை நம்பவும் வேண்டாம். தராசை நம்புங்கள்.

கறிக்கோழி ஒரு கிலோ எடை ஏற ஏறக்குறைய 1,600 கிராம் தீவனம் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோக் கோழிக்கு 3,200 கிராம். 500 கோழிக்கு 1,600 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை 32. பொடியினால் ஒரு கிலோ எடைக்கு 50 கிராம் தீவனம் மிச்சமாகிறது என்றால், ஒரு கோழிக்கு 100 கிராம், 500 கோழிக்கு ஒரே ஒரு மூட்டை. இந்த ஈட்டுக்கு வாங்கும் பொடியின் மொத்த விலை அந்த ஒரு மூட்டையின் விலையைவிடக் குறைவாக இருந்தால் வாங்குவதில் அர்த்தம் உண்டு. கூட இருந்தால், சாகாமல் தப்பும் குஞ்சுகளின் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைப் பரீட்சித்துப் பார்ப்பது சுலபம். கொட்டகையை நடுவில் மறித்து, குஞ்சுகளைப் பொறுக்காமல் வந்தபடி 250, 250 ஆகப் பிரித்து விடுங்கள். ஒரு பக்கத்துக்குப் பொடி, மறுபக்கத்துக்கு இல்லை. மற்ற எல்லாம் ஒன்றேபோல் இருக்கட்டும். வாரத்துக்கு ஒருநாள், காலையில் தீவனம் வைக்கும் முன்பு, இரு பக்கத்திலும் இருபது இருபது கோழிகளை நிறுத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்துக்கு எத்தனை மூட்டை போயிற்று, எத்தனை குஞ்சு செத்தது என்று பால் கணக்கு எழுதுவதுபோல் காலண்டரில் எழுதி வாருங்கள். ஓர் ஈட்டில் முடிவு கட்டாதீர்கள். மூன்று ஈடு பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

பொட்டலத்தின் மேல் எந்தக் கிருமி, ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள கிருமி, எந்தத் தேதிவரை உயிரோடிருக்கும், எப்படி வைக்க வேண்டும் என்ற நான்கும் அச்சாகியிருக்க வேண்டும். கடையில் வெயில் படும் அலமாரியில் காய்ந்து கிடந்த பொட்டலம் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அடுப்பங்கரையில் வைக்காமல் ஈரமில்லாத நிழலான இடத்தில் வையுங்கள். கடலோர ஊரில் உப்பே நீர்விட்டுப் போகும். பிரித்த பொட்டலத்தை இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். ஒருமுறை ஈரம் பட்டு விழித்த கிருமி மறுபடி உறங்காது, செத்துப்போகும்.

குஞ்சு வந்து இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள்தான் முக்கியம். அப்போது தண்ணீரில் கலந்து கொடுப்பது வசதி. ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் கூடாது. அது கிருமியைக் கொல்லத்தானே போடுகிறோம்? காய்ச்சி ஆறிய தண்ணீரில், சில மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் கலந்து வையுங்கள். தீவனத்தில் கலப்பதானால், ஒரு கைப்பிடிப் பொடியை நேரே மூட்டையில் கொட்டாதீர்கள். முறுக்கு மாவில் பெருங்காயம் கலப்பதுபோல், முதலில் கொஞ்சம் தீவனத்தில் நன்றாகக் கலந்து, அதை இன்னும் கொஞ்சத்தில் கலந்து, அப்படியே பெருக்கிக்கொண்டு போங்கள். அளவு பொட்டலத்தில் சொன்னபடி. கூடப் போட்டால் கூடப் பலன் என்பது இதில் கிடையாது.

பொடி செய்யாத வேலை

உறைமோர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாத்திரம் அழுக்கானால் தயிர் நாறத்தான் செய்யும். கொட்டகையும் அப்படியே. சென்ற மழையில் சகோதரியின் குஞ்சுகள் எதனால் செத்தன என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் மழைக்காலத்தில், ஈரக் கூளத்தில் வரும் கழிச்சல் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தக் கழிச்சலை. ஈரமான கூளத்தில் பெருகும் ஒட்டுண்ணி அது. அதைப் பொடி தடுத்துவிடும் என்று நம்பியிருக்கலாகாது.

பாகூர்ப் பக்கம் நெல் விளைகிற சீமை, உமிக்குப் பஞ்சமில்லை. காய்ந்த உமியை இரண்டு அங்குலம் பரப்பி, தினமும் கிளறிவிட்டு, நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளி எறிய வேண்டும். சாரல் அடிக்கும் பக்கம் படுதா தொங்க வேண்டும். ஆனால் காற்று அடைபடக் கூடாது. கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது என்று அர்த்தம். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடம் வேண்டும். விளக்கடியில் குஞ்சுகள் குவிந்து கிடந்தால் குளிர். விளக்கை விட்டு ஓடினால் சூடு.

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிகேத் நோய்க்கு முதல் வாரத்திலும், கம்போரோ நோய்க்கு இரண்டாவது வாரத்திலும் டாக்டர் சொல்கிறபடி தடுப்பு மருந்து போட்டாக வேண்டும். அவை வைரஸ் நோய்கள். எந்தப் பொடியும் அவற்றுக்கு ஈடல்ல.

சந்தேகம் வந்தால் கடைக்காரரைவிடப் படித்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும், பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்கு மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக் கழகமும் நாமக்கல்லில் அதன் கல்லூரியும் உண்டு. குஞ்சு செத்தால் புதைத்துவிட்டு அழுவதைவிட, செத்த குஞ்சை டாக்டரிடம் காட்டிக் காரணம் தெரிந்துகொள்வது அடுத்த ஈட்டைக் காப்பாற்றும்.

அக்காளுக்கும், உங்களுக்கும்

இனிச் சென்னை அக்காளின் கேள்வி. பொடியிலுள்ள கிருமி கோழியின் குடலோடு சரி. நாம் குடலைச் சமைப்பதில்லை. இறைச்சியையும் கொதிக்க வைத்தே தின்கிறோம். தாராளமாகச் சாப்பிடலாம். சொல்லப்போனால், தினசரி மருந்து குடித்து வளர்ந்த கோழியைவிட இந்தக் கோழிதான் மேல்.

"கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே!" என்று வேறு பயப்படுகிறோம். அது வெறும் வதந்தி. 35, 40 நாளில் அது 2 கிலோ ஆவது, பல தலைமுறையாக வேகமாய் வளர்கிறவற்றையே பொறுக்கி இனம் பெருக்கியதாலும், சத்தான தீவனத்தாலும்தான். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் கூலிக்குக்கூடக் கட்டாது.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா இருக்கலாம் என்று எண்ணியே கையாள வேண்டும். குழாயை வேகமாகத் திறந்து இறைச்சியைக் கழுவினால், தெறிக்கும் தண்ணீர் பக்கத்திலிருக்கும் தக்காளியிலும் டம்ளரிலும் கிருமியைத் தெளிக்கும். கோழி நறுக்கிய பலகையிலேயே வெங்காயப் பச்சடிக்கு நறுக்காதீர்கள். குளிர்ப்பெட்டியில் இறைச்சியை மூடிக் கீழ்த்தட்டில் வையுங்கள். எலும்பை ஒட்டிய சதையில் இளஞ்சிவப்பு மாறி, சாறு தெளிவாக வரும்வரை வேகவிடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொரு காரியமும் நம் கையில் இருக்கிறது. சளி, தும்மலுக்கெல்லாம் மருந்துக் கடையில் நாமே கேட்டு மாத்திரை வாங்குவதும், டாக்டர் எழுதியதைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பதும், கோழிக்குப் புட்டி ஊற்றுவதும் ஒரே ஜாதித் தவறு. 1945-ல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே பென்சிலின் கண்டுபிடித்த பிளெமிங் இதைப் பற்றி எச்சரித்தார். கோழிக் கொட்டகையில் மருந்தை மிச்சப்படுத்த வேண்டியவர் பனித்திட்டுச் சகோதரி. வீட்டு அலமாரியில் மிச்சப்படுத்த வேண்டியவர்கள் நாம்.

தீர்ப்பு இதுதான். மருமகள் பொட்டலத்தை வாங்கட்டும். பாதிக் கொட்டகைக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கட்டும். புட்டி கடையிலேயே இருக்கட்டும். உமியை உலர்த்தும் பொறுப்பை மாமியார் ஏற்றுக்கொண்டால் இன்னும் விசேஷம். அந்த வேலையில் அவருக்குள்ள அனுபவம் எந்தப் பொட்டலத்திலும் கிடைக்காது.